ஒரு துளியில் சில ஆயிரம் மூலக்கூறுகள்: ஒளியிழை அவற்றை எப்படித் தேடிப் பிடிக்கிறது?

ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து, தண்ணீரின் வழியாக, டம்ளரின் பக்கச் சுவரைச் சாய்வாகப் பாருங்கள். சுவர் வெள்ளி பூசியதுபோல் மினுங்கும். வெளியே டம்ளரைப் பிடித்திருக்கும் உங்கள் விரல்கள் கண்ணுக்குத் தெரியாது. இப்போது விரலைக் கொஞ்சம் ஈரமாக்கி, நன்றாக அழுத்திப் பிடியுங்கள். அந்த வெள்ளிப் பரப்பின் நடுவே உங்கள் கைரேகை கோடுகோடாக எழுந்து வரும். ரேகையின் மேடுகள் மட்டும்தான் தெரியும், பள்ளங்கள் தெரியாது.

செய்து பார்த்துவிட்டு மேலே படியுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கைரேகையைப் பற்றியதுதான்.

என்ன நடக்கிறது? ஒளி, கண்ணாடிக்குள்ளிருந்து வெளியே இருக்கும் காற்றை நோக்கி மிகவும் சாய்வாக வரும்போது வெளியேற முடியாமல் முழுதாகத் திரும்பிவிடுகிறது. பள்ளிப் பாடத்தில் முழு அக எதிரொளிப்பு என்று படித்தது இதுதான். பள்ளிப் பாடம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. ஒளி கண்ணாடியின் விளிம்பில் சட்டென்று திரும்புவதில்லை. விளிம்பைத் தாண்டி ஒரு துளி தூரம் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே திரும்புகிறது. அப்படி வெளியே நீளும் பகுதியை எவனெசென்ட் அலை என்கிறார்கள், தமிழில் மறையும் அலை. கண்ணாடியிலிருந்து விலக விலக அது வேகமாகத் தேய்ந்து மறைந்துவிடும். கண்ணாடிக்கு வெளியே தண்ணீர் இருந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இந்த நீட்சி பொதுவாக 100 முதல் 200 நானோமீட்டர் வரைதான். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

ரேகையின் மேடு கண்ணாடியை ஒட்டியிருப்பதால் அந்த மெல்லிய ஒளியைப் பிடித்துக்கொள்கிறது. பள்ளம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது, அதனால் அது இருப்பதே ஒளிக்குத் தெரியாது. ஆக, கண்ணாடிக்குள் ஓடும் ஒளிக்குத் தன் மேல் எது ஒட்டியிருக்கிறது என்று தெரியும். சற்று எட்ட இருப்பது தெரியாது. நோயைத் தேடும் ஒளியிழை சென்சார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு குணத்தை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன.

சரி, எதைத் தேடுகிறோம்? உடலில் ஏதோ ஒன்று சரியில்லாதபோது ரத்தத்திலோ சிறுநீரிலோ உமிழ்நீரிலோ சில மூலக்கூறுகளின் அளவு மாறுகிறது. இவற்றை நோய்க்குறிப்பான்கள், பயோமார்க்கர்கள் என்கிறோம். சர்க்கரையும் ஒரு நோய்க்குறிப்பான்தான். ஆனால் அது ரத்தத்தில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் இருக்கிறது, கண்டுபிடிப்பது எளிது. ட்ரோப்போனின் அப்படியில்லை. இதயத் தசை சேதமடையும்போது ரத்தத்தில் கசியும் புரதம் அது. இன்று புழக்கத்தில் உள்ள ஒரு நுண்ணிய ட்ரோப்போனின் டி சோதனையில், ஆரோக்கியமானவர்களுக்கான மேல் எல்லை லிட்டருக்கு 14 நானோகிராம். அதே ரத்தத்தின் நீர்ப்பகுதியில் அல்புமின் என்ற சாதாரணப் புரதம் லிட்டருக்குச் சுமார் 40 கிராம் இருக்கிறது. எடையில் பார்த்தால், ஒரு பங்கு ட்ரோப்போனினைச் சுற்றி ஏறக்குறைய 300 கோடி பங்கு அல்புமின்! மூளை நரம்புகள் சேதமடைவதைக் காட்டும் சில புரதங்கள் ரத்தத்தில் ட்ரோப்போனின் அளவுக்கே, சில சமயம் அதையும் விடக் குறைவாகவே இருக்கின்றன. ஆரம்பநிலைப் புற்றுநோயிலும் இதே சிக்கல்தான். கட்டி சிறிதாக இருக்கும்போது அது ரத்தத்தில் விடும் அடையாளமும் சிறிது. சீக்கிரம் கண்டுபிடிக்க ஆசைப்பட்டால், மிகக் குறைவானதைத் தேடித்தான் ஆகவேண்டும்.

இந்தத் துறையில் அடிக்கடி வரும் ஒரு சொல் ஃபெம்டோமோலார். ஒரு ஃபெம்டோமோலார் என்றால் ஒரு லிட்டரில் சுமார் 60 கோடி மூலக்கூறுகள். பெரிய எண் மாதிரி தெரியும். ஒரு துளியை 50 மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் வெறும் 30,000 மூலக்கூறுகள். ஒரு மைக்ரோலிட்டரில் 600. இதற்கும் ஆயிரம் மடங்கு கீழே இருப்பது அட்டோமோலார். கடைசியில் அதற்குத் திரும்பி வருகிறேன்.

இனி இழைக்கு வருவோம். தொலைத்தொடர்புக்குப் பயன்படும் சாதாரண ஒளியிழை 125 மைக்ரோமீட்டர் தடிமன், தலைமுடியை விடக் கொஞ்சம் பருமன். நடுவே சுமார் 9 மைக்ரோமீட்டர் அகலத்தில் ஓர் உள்ளகம், அதைச் சுற்றி ஒளிவிலகல் எண் சற்றே குறைந்த கண்ணாடி உறை. ஒளி உள்ளகத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப எதிரொளித்துப் பயணிக்கிறது. கண்ணாடியைப் போதுமான அளவு தூய்மைப்படுத்தினால் ஒளியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று சார்லஸ் காவ் 1966-இல் காட்டினார். அதற்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய நல்ல இழையில் 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி ஒளி மிஞ்சுகிறது.

இந்த இழையைச் சென்சாராக்க நினைக்கும்போது ஒரு முரண் எதிரே நிற்கிறது. தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் உறையைச் சேர்த்ததே வெளியுலகம் ஒளியைத் தொடக்கூடாது என்பதற்காக. நமக்கு வேண்டியதோ வெளியுலகம் ஒளியைத் தொடுவதுதான். உள்ளகத்திலிருந்து எட்டிப் பார்க்கும் ஒளி சில மைக்ரோமீட்டரில் தீர்ந்துபோகிறது, உறையின் தடிமனோ கிட்டத்தட்ட 58 மைக்ரோமீட்டர். ஆகவே உறையைத் தாண்டி ஒளியை வெளியே கொண்டுவர ஏதாவது செய்யவேண்டும். இழையைச் சூடாக்கி இழுத்துச் சில மைக்ரோமீட்டராக மெலிதாக்கலாம். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் உறையைக் கரைக்கலாம், அது மிக ஆபத்தான அமிலம் என்பதால் பழகியவர்கள்தான் செய்யவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்து, வெட்டுமுகம் அரைவட்டம்போல் ஆகும்படி செய்யலாம். கொண்டை ஊசிபோல் வளைக்கலாம். வளைவில் ஒளி வெளிப்பக்கமாக ஒதுங்கி எல்லையை இன்னும் பலமாகத் தொடும். எல்லாமே அந்த டம்ளர் சுவரை மறுபடி உருவாக்கும் வழிகள்தாம்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. இழையை வெட்டாமல், தேய்க்காமல், உள்ளகத்துக்குள்ளேயே புற ஊதா ஒளியால் கோடுகள் எழுதுகிறார்கள். ஒளிவிலகல் எண் கொஞ்சம் கூடி, கொஞ்சம் குறைந்து, சுமார் அரை மைக்ரோமீட்டருக்கு ஒரு முறை என்று வரிசையாக அமைந்த கோடுகள். இழைக்குள் ஒளியால் இப்படிக் கோடுகள் உண்டாவதைக் கென்னத் ஹில்லின் குழு கனடாவில் 1978-இல் முதலில் அறிவித்தது. இதன் பெயர் பிராக் கீற்றணி. ஒவ்வொரு கோடும் ஒளியில் ஒரு சொட்டைத் திருப்பி அனுப்பும். ஒரே ஓர் அலைநீளத்துக்கு மட்டும் அத்தனை சொட்டுகளும் ஒரே தாளத்தில் சேர்ந்து பலமாகத் திரும்பி வரும். கோடுகளை நேராக எழுதினால் எல்லாம் உள்ளகத்துக்குள்ளேயே முடிந்துவிடும், வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாது. அதே கோடுகளைச் சில டிகிரி சாய்த்து எழுதினால் ஒளியின் ஒரு பகுதி உறைக்குள் தள்ளப்படுகிறது. உறைக்குள் ஓடும் ஒளி இழையின் வெளிப்பரப்பைத் தொடுகிறது. இழையைக் கடந்து வரும் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்த்தால், அந்த நிறமாலையில் டஜன் கணக்கில் மெல்லிய பள்ளங்கள், அதாவது ஒளி குறைந்த இடங்கள், தோன்றும், வெளியே ஏதாவது ஒட்டினால் அவை இடம் நகரும். உள்ளகத்தில் தங்கிய ஒளிக்கோ வெளியே ஒட்டியது எதுவும் தெரியாது. தெரியாமல் இருப்பதே எவ்வளவு பெரிய உதவி என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

உணர்திறனை இன்னும் கூட்டத் தங்கம் வருகிறது. இழையின் மேல் சுமார் 50 நானோமீட்டர் தடிமனில் தங்கப்படலம் பூசினால், எட்டிப் பார்க்கும் ஒளி தங்கத்தின் எலக்ட்ரான்களை அலைபோல் ஊசலாட வைக்கும். ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் இந்த ஊசலாட்டம் ஒளியின் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது, நிறமாலையில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்பது இதன் பெயர். தங்கத்தின் வெளிமுகத்தில் ஒரு மெல்லிய புரத அடுக்கு படிந்தால் போதும், பள்ளம் நகரும். முதலில் இதற்குக் கண்ணாடிப் பட்டகமும் கச்சிதமான கோணங்களும் கொண்ட கருவி தேவைப்பட்டது. ஜார்கன்சனும் யீயும் 1993-இல் பட்டகத்தின் இடத்தில் இழையையே வைத்துக் காட்டினார்கள். தங்கத்துக்குப் பதில் டின் ஆக்சைடு போன்ற படலங்களைப் பூசும் முறைகளும் உண்டு, நல்ல பலன் தருகின்றன. அடிப்படை எண்ணம் இதை ஒத்தது என்பதால் விரிவாகச் சொல்லவில்லை.

இதுவரை சொன்ன எதிலும் நோய் வரவே இல்லை, கவனித்தீர்களா? இழைக்குத் தெரிவது ஒன்றுதான்: தன் மேல் ஏதோ ஒட்டிவிட்டது. ஒட்டியது ட்ரோப்போனினா அல்புமினா என்று ஒளிக்குத் தெரியவே தெரியாது. எது ஒட்டவேண்டும் என்று முடிவு செய்வது மேற்பரப்பில் நாம் பூசும் பிடிப்பான்கள். பெரும்பாலும் அவை ஆன்டிபாடிகள். ஒவ்வொன்றும் சுமார் 10 நானோமீட்டர் உயரம், தான் தேடும் புரதத்தின் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைக் கண்டால் பற்றிக்கொள்ளும். ஆன்டிபாடிக்குப் பதிலாக ஆப்டமர் எனப்படும் சிறு டிஎன்ஏ இழைகளையும் பயன்படுத்துவதுண்டு. கண்ணாடியின் மேல் முதலில் சிலேன் என்ற வேதிப்பொருளைப் பூசி, அதைப் பாலமாக வைத்து ஆன்டிபாடியைக் கட்டுகிறார்கள். மறையும் அலை 100, 200 நானோமீட்டர் வரை நீள்வதால், 10 நானோமீட்டர் ஆன்டிபாடியும் அது பிடித்த புரதமும் அந்த எல்லைக்குள் வசதியாக அடங்கிவிடுகின்றன. மாதிரியில் மிதக்கும் மற்றதெல்லாம் பெரும்பாலும் எல்லைக்கு வெளியே, ரேகையின் பள்ளம்போல.

கேட்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். இந்தத் துறையைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்: ஒளியியலை இன்னும் கூர்மையாக்கிக்கொண்டே போனால் ஃபெம்டோமோலார் தானாக வந்துவிடும் என்று. அது தவறான எண்ணம். ஒளி ஏற்கெனவே போதுமான அளவு கூர்மையாக இருக்கிறது. குறைந்த செறிவு கடினமாக இருப்பதற்கு மூன்று வேறு காரணங்கள் உண்டு. அவற்றைப் புரிந்துகொண்டால் இந்தத் துறையின் பாதி புரிந்த மாதிரி.

முதலாவது, வெப்பம். தண்ணீரின் ஒளிவிலகல் எண் அறை வெப்பநிலையில் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.0001 மாறுகிறது. நல்ல சென்சார் ஒன்று 0.000001 அளவு மாற்றத்தைக்கூடப் பிடித்துவிடும். அப்படியானால் நூறில் ஒரு டிகிரி வெப்ப மாற்றமே சென்சாருக்கு ஒரு 'செய்தி'யாகத் தெரியும். மேசையருகே ஒருவர் வந்து நின்றால்கூட நோய்போல் தெரியலாம்! இங்கேதான் சாய்ந்த கீற்றணியின் அந்த உள்ளக ஒளி கைகொடுக்கிறது. வெளியே ஒட்டுவது அதற்குத் தெரியாது, ஆனால் வெப்பம் தெரியும். டிகிரிக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர் (பிக்கோமீட்டர் என்பது நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்ற கணக்கில் அதன் அலைநீளம் நகரும். அதை வெப்பமானியாக வைத்து மற்றப் பள்ளங்களின் நகர்விலிருந்து வெப்பத்தின் பங்கைக் கழித்துவிடலாம். ஒரே இழையில் கேட்பவரும் சாட்சியும் சேர்ந்து இருப்பது உண்மையிலேயே அழகான ஏற்பாடு.

இரண்டாவது, வேண்டாத விருந்தாளிகள். 300 கோடி பங்கு அல்புமின் என்றேனே, அதில் ஒரு சிட்டிகை தவறுதலாகக் கண்ணாடியில் ஒட்டினாலே தேடும் புரதத்தின் குரல் அமுங்கிவிடும். இதற்குச் செய்யும் வைத்தியம் சுவாரசியமானது. ஆன்டிபாடிகளுக்கு இடையே காலியாக இருக்கும் இடங்களில் முன்கூட்டியே அல்புமினையே நிரப்பிவிடுகிறார்கள். இடம் நிரம்பியிருந்தால் புதிதாக வருவது ஒட்டாது. கூடவே, வேறெதையோ தேடும் ஆன்டிபாடி பூசிய இன்னோர் இழையை அதே மாதிரியில் வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதும் உண்டு. எவ்வளவு செய்தாலும் இது முழுதாகத் தீராது. சோதனைக்கூடத்தின் உப்புக் கரைசலில் அற்புதமாக வேலை செய்யும் சென்சார், உண்மையான ரத்தத்தில் திணறுவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவதை யாரும் எளிதில் நினைத்துப் பார்ப்பதில்லை: மூலக்கூறு வந்து சேரவேண்டும். அசையாத திரவத்தில் ஒரு புரதம் தானாக, திசையின்றித் தடுமாறித்தான் நகர்கிறது. அல்புமின் அளவுள்ள புரதம் ஒரு நொடியில் சுமார் 10 மைக்ரோமீட்டர் நகரும். அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு நூறு மடங்கு நேரம் ஆகும் என்று தோன்றும். தடுமாறும் நடையில் கணக்கு வேறு. தூரம் நூறு மடங்கானால் நேரம் பத்தாயிரம் மடங்காகும். ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல். உலகத்திலேயே கூர்மையான சென்சாரை வைத்துக்கொண்டு, அதன் மேல் யாரும் வந்து உட்காராமல் மணிக்கணக்கில் காத்திருக்கும் நிலை வரலாம். சென்சார் சிறிதாகச் சிறிதாக இது இன்னும் மோசமாகும், வலை சிறிதானால் மீன் அகப்படுவது குறைவதுபோல. திரவத்தைக் கலக்கலாம், ஓடவிடலாம், ஓரளவு உதவும்.

வந்து சேர்ந்தாலும் தங்கவேண்டும். ஓர் ஆன்டிபாடி எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. நல்ல ஆன்டிபாடி என்றால் ஒரு நானோமோலார் செறிவில் அதன் இடங்களில் பாதி நிரம்பும். ஃபெம்டோமோலார் அதை விடப் பத்து லட்சம் மடங்கு குறைவு. அப்போது பத்து லட்சம் ஆன்டிபாடிகளில் ஒன்றில்தான் ஆள் இருக்கும். அடர்த்தியாகப் பூசிய பரப்பில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஆயிரம் கோடி ஆன்டிபாடிகள் என்று வைத்தால், அவற்றில் நிரம்பியவை 10,000. ஒளி பார்க்கவேண்டியது அந்தப் பத்தாயிரத்தைத்தான், காலியாக இருக்கும் ஆயிரம் கோடியின் நடுவே. இதைக் காண்பதற்கு ஒரு தந்திரம், பிடிபட்ட புரதத்தின் மேல் இரண்டாவது ஆன்டிபாடி ஒன்றை உட்காரவைப்பது. அதன் முதுகில் ஒரு தங்க நானோ துகளைக் கட்டிவிட்டால், சிறிய புரதம் ஏற்படுத்தும் மாற்றத்தை விடப் பல மடங்கு பெரிய மாற்றத்தை ஒளி காணும். இரண்டு ஆன்டிபாடிகளும் ஒரே புரதத்தை ஒப்புக்கொண்டால்தான் குறிகை வரும் என்பதால், தவறுதலாக ஒட்டியவற்றின் தொல்லையும் குறைகிறது.

மிகக் குறைந்த செறிவை எட்டியவர்களில் அமெரிக்க வேதியியலாளர் டேவிட் வால்ட்டின் குழு ஒளியிழையை முற்றிலும் வேறு விதத்தில் பயன்படுத்தியது. ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளைச் சேர்த்து ஒட்டிய கட்டு ஒன்றை எடுத்து, அதன் முனையை அமிலத்தில் நனைத்தார்கள். உள்ளகமும் உறையும் வெவ்வேறு வேகத்தில் கரைவதால், ஒவ்வோர் இழையின் முனையிலும் ஒரு குட்டிக் குழி உண்டானது. ஒரு குழியின் கொள்ளளவு சுமார் 50 ஃபெம்டோலிட்டர். ஒரு ஃபெம்டோலிட்டர் என்பது மைக்ரோலிட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. மாதிரியில் ஆன்டிபாடி பூசிய நுண்மணிகளை ஏராளமாகப் போட்டார்கள். மணிகள் புரதங்களை விட மிக அதிகம் என்பதால், ஒரு மணி பிடித்தால் பெரும்பாலும் ஒரே ஒரு புரதத்தைத்தான் பிடிக்கும். பிறகு குழிக்கு ஒரு மணியாக இறக்கி மூடினார்கள். புரதம் பிடித்த மணியில், இரண்டாவது ஆன்டிபாடியோடு சேர்த்துக் கட்டிய ஒரே ஒரு நொதி, அந்தச் சிறு குழிக்குள் ஒளிரும் பொருளை உண்டாக்கிக் குவிக்கும். குழி ஒளிர்ந்தால் ஒன்று, ஒளிராவிட்டால் பூஜ்யம்.

இங்கே யாரும் பள்ளம் எத்தனை பிக்கோமீட்டர் நகர்ந்தது என்று அளக்கவில்லை. எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். வெப்பம் கொஞ்சம் மாறினாலும் ஒளிரும் குழி ஒளிரும் குழிதான். 2010-இல் வெளியான அந்த ஆய்வில், புராஸ்டேட் சுரப்பி அகற்றப்பட்டவர்களின் ரத்தத்தில் மிஞ்சியிருந்த, அந்தச் சுரப்பி உண்டாக்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தை மில்லிலிட்டருக்கு 14 ஃபெம்டோகிராம் வரை அளக்க முடிந்தது, ஒரு ஃபெம்டோமோலாருக்கும் கீழே. சுரப்பியை எடுத்த பிறகு அந்தப் புரதம் மறுபடி ஏறுகிறதா என்று கவனிப்பது புற்றுநோய் திரும்புவதை அறியும் வழி என்பதால், இந்த எண்ணுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். மிகக் குறைந்த செறிவுகளுக்கு, அளப்பதை விட எண்ணுவதே நம்பகமான பாதை என்பது என் கருத்து.

அதற்காக முதலில் சொன்ன வகை இழைகள் வீண் என்று ஆகாது. அவற்றின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒளிரும் பொருளோ நொதியோ பல கட்டக் கழுவலோ இல்லாமல், பிடிப்பு நடக்க நடக்க நேரடியாகப் பார்க்கலாம். இழை ஊசித் துளைக்குள் நுழையும் அளவு மெலிது, கண்ணாடியால் ஆனது, மின்சாரம் ஓடாதது. மின்காந்தக் குறுக்கீடு அதைப் பாதிக்காது என்பதால் ஸ்கேன் கருவிகளின் அருகிலும் வேலை செய்யும். ரத்தத்தைக் குழாயில் எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவதற்குப் பதில், திசுவுக்குப் பக்கத்திலேயே போய்க் கேட்பது என்ற எண்ணம் இழைக்குத்தான் பொருந்தும். அங்கே செறிவும் சில சமயம் ரத்தத்தில் இருப்பதை விட அதிகமாக இருக்கும். உடலுக்குள் நாள்கணக்கில் இருக்கும்போது மேற்பரப்பில் புரதம் படியாமல் காப்பதுதான் அங்கே பெரிய தடை. திரும்பவும் ஒளியியல் அல்ல, மேற்பரப்பு.

இந்தத் துறைச் செய்திகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, சோதனை எதில் நடந்தது என்பதை. உப்புக் கரைசலிலா, நீர்த்த ரத்த நீரிலா, நீர்க்காத ரத்தத்திலா? அடுத்தது, தேடும் மூலக்கூறே இல்லாத வெற்று மாதிரியை எத்தனை முறை அளந்து பார்த்தார்கள் என்பது. கண்டறியும் வரம்பு என்று சொல்லப்படும் எண் வழக்கமாக வெற்று மாதிரியின் அலைவை, அதாவது அதைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது வரும் ஏற்ற இறக்கத்தைப் போல மூன்று மடங்கை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அலைவைச் சரியாக அளக்காவிட்டால் வரம்பும் சரியாக இராது.

அப்புறம் மாதிரியின் கொள்ளளவு. அட்டோமோலாருக்குத் திரும்பி வருகிறேன் என்றேன். ஓர் அட்டோமோலாரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 6 லட்சம் மூலக்கூறுகள், ஒரு மைக்ரோலிட்டருக்கு 0.6. மூலக்கூறு பாதியாக இருக்க முடியாது. ஒரு மைக்ரோலிட்டர் எடுத்தால் பாதிக்கு மேற்பட்ட தடவை அதில் ஒன்றுகூட இருக்காது. பத்து மைக்ரோலிட்டர் எடுத்தால் சராசரியாக ஆறு, ஒரு தடவை மூன்று வரும், இன்னொரு தடவை ஒன்பது வரும். எவ்வளவு நல்ல இழையாக இருந்தாலும் மாதிரிக்குள் இல்லாத மூலக்கூறை அது பிடிக்க முடியாது. ஆகவே அட்டோமோலார் என்ற சொல்லைப் பார்த்தால், எத்தனை மைக்ரோலிட்டர் எடுத்தார்கள் என்று தேடிப் பார்த்து, 0.6 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.